தீங்கு நண்ணா ஊர்

திருச்சிற்றம்பலம்.

 

கொங்கு நாட்டில் பாடல் பெற்ற தலங்கள் ஏழு. அவற்றுள் ஒன்றாகிய திருநணாவே இன்று பவானி என்னும் நகராட்சியாக விளங்கும் நம் ஊர். திருஞானசம்பந்தப் பெருமான் இத்தலத்திற்கு ஒரு பதிகம் அருளியுள்ளார். தீங்கு எதுவும் நண்ணாத ஊர் ஆதலின் 'நணா' எனப் பெயர் பெற்றது என்பர் பெரியோர்.

ஊரின் அமைப்பைச் சற்றே எண்ணிப் பாருங்கள். வடக்கிலிருந்து காவிரி வருகிறாள். நீலமலைத் தொடரில் தோன்றி, அட்டப்பாடி சென்று, மீண்டும் கிழக்கே திரும்பி வருகிறாள் பவானி. கண்ணுக்குப் புலனாகாத அமுத நதியும் உடன் கலப்பதாகக் கூறுவர். மூன்றும் கூடும் முனையிலே சங்கமேசுவரர் வேதநாயகியம்மையுடன் எழுந்தருளியிருக்கிறார். ஆதலின் இத்துறை கூடுதுறை ஆயிற்று.

கோவை மாவட்ட ஆட்சியராக இருந்த வில்லியம் கேரோ என்னும் ஆங்கிலேயரை, ஒரு மழை இரவில் அம்மை சிறுமியாக வந்து வெளியே அழைத்தாள். அவர் வெளிவந்ததும் மாளிகை இடிந்து வீழ்ந்தது என்பது இத்தல வழக்கு. அவர் 1804-இல் அளித்த தந்தக் கட்டில் அதற்குச் சான்று. சமயம் வேறாயினும் தீங்கு நண்ணாமல் காத்தாள் அன்னை!

மற்றொருவரையும் நினைத்தல் வேண்டும். கூடுதுறைக்கு அருகே பவானியாற்றில் 13-ஆம் நூற்றாண்டில் அணை கட்டியவர் காலிங்கராயர். அங்கிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர் வளைந்து வளைந்து சென்று நொய்யலைச் சேர்கிறது அவர் வெட்டிய வாய்க்கால். தம் நலத்திற்கே வெட்டினார் எனச் சிலர் பழித்தனராம். உடனே, தாமும் தம் மரபினரும் அந்நீரைப் பயன்கொள்வதில்லை என்று சூளுரைத்து, ஊரையே விட்டு அகன்றார் என்பது செவிவழி வரலாறு. பிறர் உண்ணத் தாம் துறந்தார் அவர்.

நாம் செய்வது யாது? முன்னோர்க்கு நீர்க்கடன் செய்து, பாவம் தொலையட்டும் என்று உடுத்த ஆடையை ஆற்றிலே விட்டுச் செல்கிறோம். ஆடையோடு வினை போகுமா? வினை நீங்குவது இறைவன் திருவருளால் அன்றோ! நாம் விட்ட அழுக்கு எங்கே செல்கிறது? கீழே கொடுமுடிக்குச் செல்கிறது. அந்நீரையே அன்பர்கள் தீர்த்தக் காவடியில் சுமந்து பழனியாண்டவனுக்கு ஆட்டுகின்றனர். நம் வினையை அவர்கள் தோளில் ஏற்றலாமா?

தீங்கு நண்ணாத ஊருக்கு நம்மாலே தீங்கு நண்ணலாகாது. நீராடுங்கள்; கடன் ஆற்றுங்கள்; ஆடையைக் கரையிலே வையுங்கள். நதியைத் தூயதாக வைத்தலும் சிவபூசையே ஆகும்.

திருச்சிற்றம்பலம்.