புழுங்கலரிசி தந்த பாடம்



விஞ்ஞானப் பரிசோதனையில் மாறிகளும் கட்டுப்பாடும் என்பது இன்று நமக்குத் தரப்பட்ட பொருள். இது பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு உரியது, வயலையும் குளத்தையும் நம்பி வாழும் திரியாய் மக்களுக்கு இதனால் ஆவதென்ன என்று சிலர் எண்ணக்கூடும். மிஷன் பாடசாலையில் படித்த நாளில் நாமும் அப்படித்தான் எண்ணினோம். இரண்டு போத்தல்களில் பயறு முளைக்க வைத்தோம். ஒன்று வெளிச்சத்தில், மற்றது இருட்டில். ஒன்று போதாதா, இரண்டாவது எதற்கு என்று விளங்காமலே குறிப்புப் புத்தகத்தை நிரப்பினோம். அதை விளங்கவைத்தது, நம் வீடுகளில் நெல் அவித்துக் குற்றும் புழுங்கலரிசியின் வரலாறே.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவைப் பெரிபெரி என்னும் நோய் வாட்டியது. கால் மரத்து, உடல் வீங்கி, இருதயம் தளர்ந்து பலர் மாண்டனர். பிராடன் என்ற வைத்தியர் ஒன்றைக் கவனித்தார். ஆலையில் தீட்டிய வெள்ளைப் பச்சையரிசியை உண்ட சீனத் தொழிலாளரிடையே நோய் மிகுந்திருந்தது. புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளரை அது பெரும்பாலும் அணுகவில்லை. ஆகவே குற்றம் அரிசியிலேதான் என்றார் அவர்.

நாமாயின் உடனே தலையசைத்திருப்போம். ஆனால் அவ்விரு சாராருக்கும் இடையே அரிசி ஒன்றுதானா வேறுபாடு? தொழில் வேறு, இருப்பிடம் வேறு, கறி வேறு. இப்படி மாறக்கூடிய ஒவ்வொன்றையும் விஞ்ஞானம் மாறி என்று சொல்லும். பல மாறிகள் ஒருங்கே வேறுபடும்போது எதன்மேல் பழி சுமத்துவது?

இதைத் தீர்க்க வழி கண்டவர் வில்லியம் பிளெச்சர். 1905 டிசம்பரில், கோலாலம்பூர் மனநோய் ஆஸ்பத்திரியில் இருந்தவர்களை வரிசையாக நிறுத்தி இலக்கமிட்டார். ஒற்றை இலக்கத்தார் ஒரு கட்டடத்துக்கும், இரட்டை இலக்கத்தார் அதற்கு எதிரே அதே போன்ற இன்னொரு கட்டடத்துக்கும் சென்றனர். பலசாலிகளைப் பார்த்துப் பொறுக்கி ஒரு பக்கம் சேர்க்க இதில் இடமில்லை. ஒரு பகுதியினருக்குப் பச்சையரிசி, மறு பகுதியினருக்குப் புழுங்கலரிசி.

இங்கே வேண்டுமென்று மாற்றப்பட்ட அரிசி சாரா மாறி. அதனால் விளைகிறதா என்று பார்க்கப்பட்ட நோய் சார்ந்த மாறி. இரு பக்கமும் ஒன்றாகவே வைக்கப்பட்டவை கட்டுப்படுத்திய மாறிகள். புழுங்கலரிசி உண்டோர், ஒப்பிட்டுப் பார்க்க உதவும் கட்டுப்பாட்டுக் குழுவினர்.

கட்டடத்திலேயே நோய் குடியிருந்தால் என்ன செய்வது? அந்த ஐயத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. 1906 நடுப்பகுதியில் இரு பகுதியினரையும் இடம் மாற்றினார். நோய் பழைய கட்டடத்தில் தங்கவில்லை. பச்சையரிசியின் பின்னே சென்றது. முடிவில், பச்சையரிசி உண்ட 120 பேரில் 18 பேர் பெரிபெரியால் இறந்திருந்தனர். புழுங்கலரிசி உண்ட 123 பேரில் அந்நோயால் இறந்தவர் ஒருவருமில்லை.

அரிசியிலே எது என்பதை இப்பரிசோதனை சொல்லவில்லை. அதற்கு மேலும் இருபது ஆண்டுகள் சென்றன. 1926ஆம் ஆண்டில் யான்சென், டொனாத் என்னும் இருவர் ஜாவாவில் தவிட்டிலிருந்து தயமின் என்ற விற்றமினைப் பிரித்தெடுத்தனர். நெல்லை அவிக்கும்போது அதில் ஒரு பகுதி அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பின்னர் தவிடு போனாலும் அது முற்றாகப் போவதில்லை.

தோழர்களே, அந்த 18 பேரையும் மறந்து முடிவை மட்டும் நாம் எடுத்துச் செல்வது முறையாகாது. அவர்கள் சம்மதமோ மறுப்போ சொல்லும் நிலையில் இருந்தவர்களல்லர். 1964இல் உலக வைத்தியச் சங்கம் ஹெல்சிங்கியில் வெளியிட்ட பிரகடனம், மனிதர்மேல் செய்யும் ஆராய்ச்சிக்கு நெறிகள் வகுத்தது. மாறிகளைக் கட்டுப்படுத்தத் தெரிந்தவன் தன்னையும் கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டும்.

நம் வயலில் செய்யும் பரிசோதனைக்கு எவர் உயிரும் வேண்டியதில்லை. நான்கு வரம்பு போதும். "புதுப் பசளை போட்டேன், விளைச்சல் கூடியது" என்று ஒருவர் சொன்னால், அடுத்த போகத்துக்கு நாமும் கடன்பட்டு அதையே வாங்குகிறோம். அந்தப் போகத்தில் மழையும் நன்றாகப் பெய்ததே! விளைச்சலைத் தந்தது மழையா, பசளையா? ஒரே வயலைச் சிறு துண்டுகளாகப் பிரிப்போம். ஒரே விதை, ஒரே நாளில் விதைப்பு, ஒரே அளவு நீர். ஒன்றுவிட்டு ஒரு துண்டுக்கு மட்டும் புதுப் பசளை இடுவோம். அறுவடையில் நிறுத்துப் பார்ப்போம். பசளையில்லாத துண்டு வீண் என்று அயலவர் சிரிக்கலாம். நம்மைக் கடனிலிருந்து காக்கப்போவது அந்தத் துண்டுதான்.

நமக்கு அன்று விளங்காத இரண்டாவது போத்தல் அதுவே.