வறண்ட ஆண்டின் கணக்கு

வட்டுக்கோட்டைக்கு அண்மையில், அராலியில், வழுக்கியாறு கடல்நீரேரியைச் சேருகின்றது. ஆறு என்பது பெயரளவில்தான். மாரியில் ஓடிக் கோடையில் வெறுந்தரையாகிவிடும். முகத்துவாரத்தில் தடுப்பணையும் கதவுகளும் உள. உவர்நீரை வெளியே நிறுத்துவதும், மழைநீரைச் சிறிது காலம் மறித்து நிலத்திற் சுவறச் செய்வதும் அவற்றின் தொழில். கதவை முந்தித் திறந்தால் கோடைக்குரிய நீர் கடலுக்குப் போகும். பிந்தித் திறந்தால் நெல்வயல்கள் வெள்ளத்தில் அழுகும். நீர்த்திட்டம் என்னும் பெரும் பிரச்சினை முழுவதும் இக்கதவடியிலேயே சிறிய உருவிற் காணக்கிடக்கின்றது.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் சராசரி மழை ஆண்டுக்கு ஏறத்தாழ 1,250 மில்லிமீட்டர், அதாவது 50 அங்குலம். அதிற் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையிலேயே பெய்துவிடுகின்றது. சராசரி என்னும் சொல்லை நம்பி நகருக்கு நீர் பங்கிட முடியாது. ஒரு புயலாண்டின் பெருமழை சராசரியை உயர்த்திவிடும். அந்நீரோ கடலிற் கலந்து மறைந்திருக்கும். சென்னை மாநகர் 2015இன் இறுதியிற் பெருவெள்ளத்தில் மூழ்கியது. 2019இன் கோடையில் அதன் ஏரிகள் வறண்டன. இரண்டையுங் கூட்டி இரண்டாற் பிரித்து வரும் விடையை எவரும் குடத்தில் ஏந்த முடியாது.

ஆதலின் நீர்ப்பொறியியலாளர் இருவகைக் கணக்கு வைப்பர். வழக்கமான ஆண்டிற் கிடைப்பது ஒன்று. பல்லாண்டுக்கொருமுறை வரும் வரட்சியிலுந் தவறாது கிடைப்பது மற்றொன்று. குடிநீருக்கு வாக்களிக்கத்தக்கது பின்னையதே.

குடாநாட்டில் இக்கணக்கு மேலும் நுட்பமானது. சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளில் நன்னீர், அடியிலுள்ள உவர்நீரின்மேல் வில்லை வடிவாக மிதக்கின்றது. கடல்மட்டத்திற்குமேல் ஓரடி நன்னீர் நின்றால், அதன்கீழ் ஏறத்தாழ நாற்பதடி நன்னீர் இருக்கும் என்பது பொதுவிதி. மேல்மட்டம் அரையடி தாழ்ந்தால் அடியில் உவர்நீர் இருபதடி ஏற இடமுண்டு. கிணற்றை எட்டிப் பார்ப்பவனுக்கு அந்த அரையடி கண்ணிற்படுவதே அரிது. துலா மிதித்து இறைத்த காலத்தில் மனிதனின் களைப்பே ஓர் எல்லையாக நின்றது. இறைப்பு இயந்திரத்திற்கு அந்த எல்லை இல்லை.

வெளியிலிருந்து நீர் கொணரும் எண்ணம் இதனாலெழுந்தது. 2010இல் ஆசிய அபிவிருத்தி வங்கி கடனளிக்க ஒப்பிய யாழ்ப்பாணம் கிளிநொச்சி நீர்வழங்கல் திட்டம், இரணைமடுக் குளத்திலிருந்து நாளொன்றுக்கு 27,000 கனமீட்டர் நீர் பெறக் கருதியது. ஆண்டுக்கு இது ஒரு கோடி கனமீட்டருக்குச் சற்றுக் குறைவு. குளத்தின் கொள்ளளவோ பதின்மூன்று கோடிக்கு மேல். குளம் வான்பாயும் ஆண்டில் இப்பங்கு கொடுப்பவனுக்கே தெரியாது. ஆனால் கிளிநொச்சி விவசாயிகள் வினவியது வான்பாயும் ஆண்டைப் பற்றியன்று. நல்லாண்டிலேயே சிறுபோகத்துக்கு நிலமனைத்திற்கும் நீர் போதாது. மழை பொய்த்த ஆண்டில் முதலில் மூடப்படுவது எந்தக் கதவு என்பதே அவர்தம் வினா. அணையை உயர்த்திக் கொள்ளளவைக் கூட்டுவோம் என்பது அதற்கு முழு விடையாகாது. உயர்த்திய அணை மிகுமழையைப் பிடிக்கும். பெய்யாத மழையைப் பிடிக்காது. அவ்வினாவை நீருக்காகக் காத்திருந்த யாழ்ப்பாணத்தாரிற் சிலர் பிடிவாதமென்று கருதினர். அது பிடிவாதமன்று, எந்தத் திட்டவரைவிலும் முதற்பக்கத்தில் இருந்திருக்கவேண்டிய வினா. 2016இன் இறுதியிற் பருவமழை தவறி, அடுத்த ஆண்டு வடமாகாணம் கடும் வரட்சியுற்றபோது அதன் நியாயம் வெளிப்பட்டது.

இணக்கம் பிறவாமையால் திட்டம் கடலை நோக்கித் திரும்பியது. தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கனமீட்டர் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 ஆகத்தில் திறக்கப்பட்டது. மழையை எதிர்பாராத நீர் இது; எனினும் மின்சாரத்தை எதிர்பார்ப்பது. நல்லாண்டிலும் வரட்சியிலும் அதன் செலவு குறைவதில்லை. மழை நிறைந்த ஆண்டில் நிலையத்தைத் தாழ்த்தி இயக்கிக் குளத்து நீரைப் பெறுவதும், வரண்ட ஆண்டிற் குளத்தை உழவருக்கே விட்டு நிலையத்தை முழுமையாக இயக்குவதும் கணக்களவிற் பொருத்தமானவை. ஆயின் குளத்தின் எந்த நீர்மட்டத்தில் ஒன்றை நிறுத்தி மற்றதைத் தொடங்குவது என்பதை மாரி முடிந்தவுடனேயே, இருசாராரும் ஒப்பி எழுதி வைத்தல் வேண்டும். ஆவணியில், குளம் அடிவற்றிய பின் கூடிப் பேசினால், அளவுகோலை எவரும் பாரார்.

வட்டுக்கோட்டைக் கிணறுகளுக்கும் அத்தகைய அளவுகோல் ஒன்று தேவை. குழாய்நீர் வந்துவிட்டதென்று தோட்ட இறைப்பு குறையப்போவதில்லை. மாரி முடிந்ததும் நீர்மட்டம் எவ்வளவு, புரட்டாதியில் எவ்வளவு, உவர்ப்பு எவ்வளவு என ஆண்டுதோறும் குறித்துவரும் சில கிணறுகள் ஊருக்கு ஊர் இருந்தால், அராலிக் கதவைத் திறக்கும் நாளையும் அக்குறிப்பைப் பார்த்தே தீர்மானிக்கலாம்.