எரிமலை, எல் நினோ, நம் மொட்டைமாடி
(சங்கப் பொதுக்கூட்டத்தில் பேசியது)



"எரிமலையும் எல் நினோவும் எப்போதும் இருந்ததுதானே சார், வெயில் கூடுவதும் இயற்கைதானே?" என்று லிஃப்டில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி.

பெரிய எரிமலை வெடித்தால் பூமி குளிரும். 1991 ஜூனில் பிலிப்பைன்ஸின் பினடூபோ வெடித்தபோது, சுமார் 1.5 கோடி டன் கந்தக டை ஆக்ஸைடு வானத்தின் உயரத்துக்குப் போனது. அது நுண்துளிகளாகி வெயிலை மறைத்தது. உலகச் சராசரி வெப்பம் ஏறக்குறைய அரை டிகிரி இறங்கியது. இரண்டு மூன்று வருடத்தில் துளிகள் கீழே படிந்துவிட்டன. வெப்பம் மீண்டும் ஏறியது.

எல் நினோ என்பது பசிபிக் கடல் தன் சூட்டைக் காற்றுக்குக் கொடுக்கும் காலம். நமக்கு வடகிழக்குப் பருவமழையையும் பெரும்பாலும் கூட்டிவிடும். 2015 டிசம்பரை யார் மறப்பார்கள்? தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ.; செம்பரம்பாக்கம் திறந்து அடையாறு ஊருக்குள் வந்தது. மறுவருடம் பருவமழையே பொய்த்தது. ஆனால் 2021இல் எல் நினோ இல்லை, அதற்கு நேரெதிரான லா நினா. அப்போதும் கொட்டித் தீர்த்தது!

இவை ஏறும், இறங்கும். 1998 பெரிய எல் நினோ வருடம். குளிர வேண்டிய லா நினா வருடமான 2022, அதைவிடச் சூடாக இருந்தது. அந்த வித்தியாசம் நாம் எரிக்கும் நிலக்கரியும் டீசலும். எரிமலைகள் விடும் கரியமில வாயு அதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

அதனால் எல் நினோ செய்தியைப் பார்த்துவிட்டு வடிகாலைத் தூர்வாரலாம் என்று காத்திருக்க வேண்டாம். பி பிளாக் மொட்டைமாடிக் குழாயில் இன்னும் இலை அடைத்திருக்கிறது. ஞாயிறு காலை 7 மணிக்கு ஏணியோடு வருகிறேன். இரண்டு பேர் வந்தால் போதும்.