பூனை வாயில் குட்டி

நேற்று ராத்திரி மழையில் எங்கள் விறகுக் கொட்டகை ஒழுகியது. அங்கே ஈன்றிருந்த பூனை, குட்டிகளை ஒவ்வொன்றாகப் பிடரியில் கவ்வித் திண்ணைக்குக் கொண்டுவந்தது. கவ்வியதும் குட்டி காலைச் சுருக்கிக்கொண்டு அப்படியே தொங்குகிறது. தானாக எதையும் பற்றுவதில்லை. குரங்குக் குட்டியோ தாயின் வயிற்றை இறுகப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

தென்கலை வைணவர்கள் இறையருளுக்குப் பூனையையே உவமை சொன்னார்கள். வைணவக் குடும்பத்தில் 1827இல் பிறந்து, கிறிஸ்தவராகி, 'இரட்சணிய யாத்திரிகம்' பாடிய கிருஷ்ண பிள்ளைக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்! எபேசியருக்குப் பவுல் எழுதியதும் இதைத்தானே: மீட்பு நாம் சம்பாதித்ததல்ல, கிருபையாய்க் கிடைத்தது.

இரண்டு குட்டிகள் திண்ணையில் உலர்ந்துகொண்டிருந்தன. மூன்றாவதற்காக அந்தத் தாய் மறுபடி மழையில் இறங்கியது.