சுவரில் அடித்த மருந்தும் கடலில் விட்ட கழிவும்

(ஆதரவாளர் கூடுகையில் ஆற்றிய உரை)



நோயாளிகளைப் பற்றிப் பேசவேண்டிய நேரத்தில் ஒரு பறவையின் முட்டையைப் பற்றிப் பேசப்போகிறோம். பொறுமையாய்க் கேளுங்கள். இதுவும் ஒரு மருந்தின் கதைதான்.

உங்களில் மூத்தவர்களுக்கு டி.டி.டி. மறந்திருக்காது. மலேரியா ஊழியர் வந்து வீட்டுச் சுவரெல்லாம் மருந்தடித்து, வாசலருகே தேதி எழுதிவிட்டுப் போவார். 1947இல் இந்தியாவில் 7.5 கோடிப் பேர் மலேரியாவால் வாடினார்கள், 8 லட்சம் பேர் மாண்டார்கள் என்பது அந்நாளைய மதிப்பீடு. 1953இல் மருந்தடிக்கும் திட்டம் தொடங்கியது. 1961இல் பதிவான நோயாளிகள் 50 ஆயிரத்துக்கும் குறைவு. (பிற்பாடு நோய் திரும்பி வந்தது வேறு கதை.) டி.டி.டி. பூச்சியைக் கொல்லும் என்று கண்டறிந்த பால் முல்லருக்கு 1948இல் மருத்துவ நோபல் பரிசு கொடுத்தார்கள். மருத்துவப் பணியில் இருக்கிற நாங்கள் அந்த மருந்தைப் பழித்துப் பேச மாட்டோம்.

ஆனால் அதே மருந்தைச் செய்த இடத்தில் நடந்ததையும் சொல்லவேண்டும். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலீஸ் பகுதியில் மான்ட்ரோஸ் என்ற கம்பெனி 1947முதல் டி.டி.டி. தயாரித்தது. ஆலைக் கழிவு பொதுச் சாக்கடையில் கலந்து, பாலோஸ் வெர்டிஸ் கரையோரக் கடலுக்குப் போயிற்று. 1950களிலிருந்து 1971வரை அப்படிச் சேர்ந்த டி.டி.டி. சுமார் 1,700 டன். சுவரில் அடிப்பதற்கோ சதுர மீட்டருக்கு 1 அல்லது 2 கிராம் போதும்!

டி.டி.டி. தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். லேசில் அழியவும் அழியாது. கடலிலுள்ள நுண்ணுயிர்களிடமிருந்து நெத்திலிக்கும், நெத்திலியிலிருந்து அதைத் தின்னும் கூழைக்கடாவுக்கும் ஏறியது. ஒவ்வொரு படியிலும் அளவு பெருகியது. பறவையின் உடலில் அது டி.டி.இ. ஆக மாறி, முட்டை ஓட்டில் சுண்ணாம்புச் சத்து சேரவிடாமல் தடுத்தது. கூழைக்கடா தன் அகன்ற பாதங்களை முட்டைமேல் வைத்து அடைகாக்கும் பறவை. ஓடு தாங்குமா? தாயின் காலடியிலேயே முட்டை நொறுங்கியது. 1970இல் அனகாபா தீவில் 552 முறை கூடு கட்டிய பறவைகளுக்குப் பிழைத்தது ஒரே ஒரு குஞ்சு.

1972இல் அமெரிக்கா டி.டி.டி.யைத் தடைசெய்தது. பறவைகள் மெல்லப் பெருகின. 2009இல் பழுப்புக் கூழைக்கடாவை அழியும் இனங்களின் பட்டியலிலிருந்து எடுத்தார்கள். அத்தீவுகளை அடுத்த சாந்தா குரூஸ் தீவில், அற்றுப்போயிருந்த வெண்தலைக் கழுகு 2006இல் மனித உதவியின்றிக் குஞ்சு பொரித்தது. தடைசெய்து 34 வருஷம் கழித்து!

மருந்தே வேண்டாம் என்பவர்களோடு எங்களுக்கு உடன்பாடில்லை. 2001இல் கையெழுத்தான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையும் வயலுக்கு டி.டி.டி.யை மறுத்து, நோய் பரப்பும் கொசுவை ஒழிக்க மட்டும் இடம்விட்டது. குற்றம் சுவரில் அடித்ததில் இல்லை. மிஞ்சியதைக் கண்மறைவாய்க் கடலில் விட்டதில்தான்.

அந்தச் சேறு இன்னும் அங்கேதான் கிடக்கிறது. நம் ஊர்க் கத்தாளைக்கு உறவான ஒரு மீன் அந்தச் சேற்றில்தான் இரை தேடும். அதைப் பிடித்துச் சாப்பிடவேண்டாம் என்று அக்கரையில் தூண்டில் போடுகிறவர்களை அரசாங்கம் எச்சரித்துக்கொண்டிருக்கிறது.