படுக்கையைச் சுமந்த நாலு பேர்

(ஆண்டுவிழா ஸ்தோத்திர ஆராதனையில் ஆற்றிய உரை)



நம்மால் முடியாது என்று தோன்றுகிற காரியத்தைச் செய்வதற்குப் பெலன் எங்கிருந்து வருகிறது என்று பேசும்படி கமிட்டியார் கேட்டார்கள். மாற்கு சுவிசேஷம் 2-ஆம் அதிகாரத்தில், கப்பர்நகூமில் நடந்த சம்பவத்தை நீங்கள் அறிவீர்கள். திமிர்வாதக்காரன் ஒருவனை நாலு பேர் சுமந்துகொண்டு வருகிறார்கள். வீட்டு வாசலை நெருங்க முடியவில்லை. தடுத்தவர்கள் யார்? ஆண்டவருடைய வசனத்தைக் கேட்க வந்த ஜனங்கள்தான்! (இதை நம்மைப்போல ஆலயத்துக்கு ஒழுங்காக வருகிறவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.) அந்த நாலு பேரும் திரும்பிப் போகவில்லை. கூரையைப் பிரித்து அவனைப் படுக்கையோடு இறக்கினார்கள்.

மாற்கு எழுதியதில் அந்த நோயாளி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. இயேசு கண்டது "அவர்களுடைய" விசுவாசத்தை. சுமந்தவர்களின் விசுவாசமும் அங்கே கணக்கில் எடுக்கப்பட்டது. அவர்களுடைய பெயர் நமக்குத் தெரியாது. நம் ஊர்களில் "கடைசியில் தூக்க நாலு பேர் வேண்டும்" என்பார்கள். இந்த நாலு பேர் மனுஷன் உயிரோடு இருக்கும்போதே வந்துவிட்டார்கள்.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஞாபகம் வருகிறவர் டாக்டர் மேரி வர்கீஸ். கேரளத்தில் 1925-இல் பிறந்தவர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் படித்து, பெண்களுக்கான மருத்துவத்தில் சிறக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவர். 1954 ஜனவரியில், இளம் டாக்டர்களோடு உல்லாசப் பயணம் போன வண்டி கவிழ்ந்தது. முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் போய்விட்டன. வயது இன்னும் 30 ஆகவில்லை.

அவருக்காக எத்தனை பேர் ஜெபித்திருப்பார்கள்! ஆனால் பிள்ளைகளே, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவர் எழுந்து நடக்கவில்லை. 1986-இல் மரிக்கும்வரை நடக்கவே இல்லை. எழுந்து நடந்தவர்களின் சாட்சியைக் கேட்கத்தான் நமக்குப் பிரியம். நடக்காதவர்களிடம் போய் "உங்களுக்கு விசுவாசம் போதவில்லை" என்று சொல்லுகிறவர்களும் நம் நடுவில் உண்டு. அந்தப் பேச்சு எனக்குச் சம்மதமில்லை.

அப்போது வேலூரில் பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் இருந்தார். கொல்லிமலையில் ஊழியம் செய்த மிஷனரி தம்பதிக்கு 1914-இல் அங்கேயே பிறந்தவர். தொழுநோயால் நரம்பு செத்து, விரல்கள் கொக்கிபோல மடங்கிப் போனவர்களின் கைகளைச் சீராக்கும் வழியை அவர் கண்டுபிடித்துச் செய்துவந்தார். பிள்ளைகளே, உங்கள் உள்ளங்கையை மேலே திருப்பி விரல்களை இறுக மூடிப் பாருங்கள். மணிக்கட்டில் கயிறுபோல எழும்புகிறது அல்லவா? அதுதான் தசைநாண். நன்றாக வேலை செய்கிற ஒரு தசையின் நாணை எடுத்து, செயலிழந்த விரலுக்கு இணைத்துவிடுவார் பிராண்ட். பிறகு பயிற்சி கொடுத்தால் அந்தக் கை மறுபடியும் கரண்டி பிடிக்கும், எழுதும்.

மேரியிடம் எது போய்விட்டது என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. எது மிச்சம் இருக்கிறது என்று பிராண்ட் பார்த்தார். கண், மூளை, இரண்டு கைகள். கை அறுவைச் சிகிச்சையை உட்கார்ந்துகொண்டே செய்யலாம். அதனால் அந்த வேலைக்கு அவரை அழைத்தார். வெறும் "தைரியமாயிரு" என்று சொல்லிவிட்டுப் போகவில்லை. கூட இருந்து கற்றுக்கொடுத்தார். மேரி நிமிர்ந்து உட்காருவதற்கே அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டது. வலி இருந்தது. நாற்காலியைத் தள்ளியவர்கள், தூக்கி உட்காரவைத்தவர்கள், கருவிகளை அவர் கைக்கு எட்டும் உயரத்தில் வைத்தவர்கள் என்று அவரைச் சுற்றி எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். அவர்களில் பலருடைய பெயர் நமக்குத் தெரியாது, கப்பர்நகூம்க்காரர்களைப் போலவே.

சக்கர நாற்காலியில் வந்த அந்த டாக்டரம்மாவைப் பார்த்தபோது தொழுநோயாளிகளின் முகம் மலர்ந்ததாம். ஊரார் ஒதுக்கிவைத்த அவர்களுக்கு அதைவிடப் பெரிய பிரசங்கம் வேறு என்ன வேண்டும்? பிறகு மேரி ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குப் போய், நாற்காலியில் இருந்தபடியே தன் காரியங்களைத் தானே பார்த்துக்கொள்ளப் பயின்றார். அடுத்து நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்தார். வேலூருக்குத் திரும்பி அந்தத் துறைக்குத் தலைவரானார். 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. முதுகுத்தண்டு அடிபட்டவர்கள் அங்கே தங்கி, மறுபடியும் வாழக் கற்றுக்கொண்டார்கள். 1972-இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது கொடுத்தது. தான் சுமக்கப்பட்ட விதத்தில் அவர் மற்றவர்களைச் சுமந்தார் என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்ளுகிறேன்.

இப்போது நம்முடைய வாசலுக்கு வருவோம். நம் சபையின் தாயார் ஒருவர் பக்கவாதம் வந்தபின் இரண்டு வருஷமாக ஆராதனைக்கு வரவில்லை. பெயர் சொல்ல வேண்டியதில்லை, அவர் சமைத்த அன்பின் விருந்தைச் சாப்பிடாதவர் இங்கே யாரும் இல்லை. வாராவாரம் அவருக்காக ஜெபிக்கிறோம். ஆனால் இந்த வாடகைக் கட்டடத்தின் முன்னால் நாலு படிகள் இருக்கின்றன. நிரந்தரமாகச் சாய்தளம் கட்ட நமக்கு அனுமதி இல்லை. அதோடு "முடியாது" என்று நிறுத்திவிட்டோம்.

மடக்கி வைக்கக்கூடிய அலுமினியச் சாய்தளம் கிடைக்கிறது. வாலிபர் சங்கத்தார் அதை வாங்க ஒத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனைக்கு அரைமணி நேரம் முன்னால் அதை விரிக்கவும், முடிந்தபின் மடக்கவும் இரண்டு பேர் வேண்டும். அவரை வீட்டிலிருந்து அழைத்துவர ஒருவர் வேண்டும், பனிக்காலத்தில் படியருகே உப்புத் தூவ ஒருவர் வேண்டும். ஆக மொத்தம் நாலு பேர். பிள்ளைகளே, அவர் பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுப் புத்தகத்தில் பக்கம் எடுத்துக் கொடுக்கிற வேலை உங்களுக்கு.

நேற்றுத் தொலைபேசியில் அவரிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஐயா, எந்தச் சேலை கட்டுறது?" என்று கேட்டார்.

பெயர் கொடுக்கிறவர்கள் ஆசீர்வாதம் முடிந்ததும் செயலாளரிடம் கொடுங்கள். தேநீருக்குப் போகும் முன்னால்.