இரட்டைப் பிள்ளைகள்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சென்ற ஆண்டு நம் காலனியில் ஓர் இல்லத்தில் இரட்டைப் பிள்ளைகள் பிறந்தன. வாழ்த்தச் சென்ற நாம், "இரட்டை வாழைப்பழம் தின்றாயோ?" என்று அப்பெண்ணை நகையாடினோம். இரண்டாவது மகவு எடை குறைந்து மருத்துவமனையிலேயே இருந்த நேரம் அது. நாம் வந்தபின் அவள் அழுதாள் எனப் பின்னரே அறிந்தோம். அப்பிழைக்குக் கழுவாயாகவே இவ்வுரை.

பதிவேடும் கணக்கும் நம் தொழில். ஆதலின் முதலில் கணக்கைக் காண்போம். வளரும் நாடுகள் 76-இன் விவரங்களை ஆராய்ந்து, ஸ்மித்ஸ், மொண்டன் என்னும் அறிஞர் இருவர் 2011-இல் வெளியிட்டனர். மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டில் ஆயிரம் பேற்றுக்கு ஏறத்தாழ 28 இரட்டைப் பேறுகள். நம் தெற்காசியாவிலோ பெரும்பாலும் பத்துக்கும் குறைவு.

இவ்வேறுபாடு ஏன்? ஒரே கரு இரண்டாகப் பிரிந்து, ஒத்த உருவினர் பிறப்பது எந்நாட்டிலும் ஆயிரத்துக்கு ஏறத்தாழ நான்கே. இரு சினைமுட்டைகள் ஒருங்கே கருவுறுவதுதான் இடத்துக்கு இடம் மாறுகிறது. தாயின் வயது முப்பதைக் கடத்தல், முன்னரே பல பேறு கண்டிருத்தல், தாய்வழி மரபு ஆகியவை அதனை மிகுவிக்கும்.

நைஜீரியாவில் யொரூபா மக்கள் வாழும் இக்போ ஓரா என்னும் ஊர் இரட்டையர்க்குப் பெயர்பெற்றது. அவ்வூரார் தாம் உண்ணும் கிழங்கைக் காரணமாகச் சொல்வர்; நாம் வாழைப்பழத்தைச் சொல்கிறோம். இரண்டும் மெய்ப்பிக்கப்படவில்லை. அம்மக்கள் முதலில் பிறந்த பிள்ளையைத் தைவோ என்றும், அடுத்ததைக் கெஹிந்தே என்றும் அழைப்பர். உலகைச் சுவைத்து வர இளையதை முன்னே அனுப்பிய கெஹிந்தேயே மூத்தது என்பது அவர் கொள்கை.

ஆயினும் மகிழ்ச்சியோடு அச்சமும் உண்டு. சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்காவில் இரட்டையருள் ஐவரில் ஒருவர் ஐந்து வயதுக்குள் இறப்பதாக 2017-இல் வெளியான ஆய்வொன்று கூறிற்று. குறைமாதமும் எடைக்குறைவும் பேற்றுக்கால இடர்களும் இரட்டையரை மிகுதியாகத் தாக்குகின்றன. எனவே, இரட்டைக் கரு என்று தெரிந்த நாள்முதல் மருத்துவர் கண்காணிப்பு வேண்டும். பேறு மருத்துவமனையில்தான் நிகழ வேண்டும்.

அன்பர்களே! நம் பெண்களுக்குத் தாய்வீடு இரண்டு இரவு ரயில் பயணத்துக்கு அப்பால் உள்ளது. இங்கே அவர்களுக்கு நாமே தாய்வீடு. இனி நாம் கேட்க வேண்டியது பழத்தைப் பற்றியன்று, "ஒரு பிள்ளைக்குப் பால் கொடுக்கும்வரை மற்றதை நாங்கள் ஏந்திக்கொள்ளட்டுமா, அம்மா?" என்பதே.

அந்த இரண்டாவது மகவு இன்று இம்மண்டபத்தில் தவழ்ந்து கொண்டிருக்கிறது. இரு பிள்ளைகளும் நீடு வாழ்க!